உடைத்துப் பார்... கணக்கு சுலபம்!

குட்டீஸ்! ஒரு பேனாவின் விலை 98 ரூபாய். 12 பேனா வாங்கினால் எவ்வளவு? பேப்பர், கால்குலேட்டர் எதையும் தேடாதீங்க. மனக்கணக்காகவே போடலாம்.

பேனா 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 பேனாவுக்கு 1,200 ரூபாய். ஆனால், ஒவ்வொரு பேனாவுக்கும் 2 ரூபாய் அதிகம் போட்டுவிட்டோம் அல்லவா? 12 × 2 = 24. அதைக் கழித்தால் 1,176 ரூபாய். அவ்வளவுதான்!

இது எப்படிச் சரியாக வருகிறது?

பள்ளி ஆண்டு விழாவுக்கு 7 வரிசையாக நாற்காலி போடுகிறார்கள். ஒரு வரிசைக்கு 14 நாற்காலி. நடந்து போக நடுவே வழி விடுகிறார்கள். வழிக்கு இடப்பக்கம் வரிசைக்கு 10, வலப்பக்கம் வரிசைக்கு 4.

இடப்பக்கம் 7 × 10 = 70
வலப்பக்கம் 7 × 4 = 28
மொத்தம் 98.

வழி விட்டதால் நாற்காலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எனவே 7 × 14-ம் அதே 98 தான். இதற்குப் 'பங்கீட்டுப் பண்பு' என்று பெயர்.

7 × (10 + 4) = (7 × 10) + (7 × 4)

இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள்! 7 × 10 = 70, அதோடு 4 சேர்த்து 74 என்று எழுதிவிடுகிறார்கள். அப்படியானால், வலப்பக்கம் முதல் வரிசைக்கு மட்டும்தான் நாற்காலி. பின்னால் 6 வரிசையில் 24 பேர் நின்றுகொண்டே விழா பார்க்க வேண்டியதுதான்! அடைப்புக்குறிக்குள் இருக்கும் இரண்டு எண்களையும் 7-ஆல் பெருக்க மறக்காதீங்க.

இந்த வழி மிகப் பழையது. கணித மேதை பாஸ்கராச்சாரியார் சுமார் 1150-ம் ஆண்டில் எழுதிய 'லீலாவதி' நூலில் 135 × 12 என்ற கணக்கு வருகிறது. 12-ஐ அவர் பல விதமாக உடைத்துக் காட்டுகிறார்.

8 + 4 என்றால்: 1,080 + 540 = 1,620
10 + 2 என்றால்: 1,350 + 270 = 1,620
20 − 8 என்றால்: 2,700 − 1,080 = 1,620

எப்படி உடைத்தாலும் விடை மாறவில்லை, பார்த்தீர்களா? அதனால் உங்களுக்கு எது எளிதோ, அப்படி உடையுங்கள்.

இப்போது உங்கள் முறை!

1. 6 × 99
2. 25 × 102
3. (37 × 8) + (37 × 2)

மூன்றாவது கணக்கில் உடைக்க வேண்டாம், ஒட்ட வேண்டும். 8-ம் 2-ம் சேர்ந்தால் 10 ஆயிற்றே!

விடைகள்: 1) 594 2) 2,550 3) 370