நடன ஆசிரியருக்கு 52 ஆண்டு சிறை: தண்டனை விவரத்தைக் கலை, விளையாட்டு வகுப்புகள் பெற்றோருக்குத் தெரிவிக்கலாமா?

திருவனந்தபுரம்: நடனம் கற்க வந்த ஏழு வயதுச் சிறுவனைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கிய ஆசிரியருக்குத் திருவனந்தபுரம் விரைவு சிறப்பு நீதிமன்றம் 2025-ஆம் ஆண்டில் 52 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. கொடுமை 2017 முதல் 2019 வரை நீடித்தது என்பது வழக்கு. அச்சத்தால் சிறுவன் எவரிடமும் சொல்லவில்லை. தம்பியையும் அதே வகுப்பில் சேர்க்கப் பெற்றோர் முடிவு செய்தபோதுதான் அவன் வாய் திறந்தான்.

தீர்ப்புச் செய்தியில் மனத்தை அதிகம் உறுத்துவது இந்தக் கடைசி விவரமே. அடுத்த குழந்தையைக் காக்கும் எச்சரிக்கையை ஒரு குழந்தையே தர வேண்டியிருந்தது. தண்டனை உறுதியான பிறகாவது அந்த எச்சரிக்கையைத் தரும் பொறுப்பு பெரியவர்களுக்கு உண்டா? ஒரு கலை வட்டமோ விளையாட்டுச் சங்கமோ தன்னோடு தொடர்புடைய ஒருவர் தண்டிக்கப்பட்ட செய்தியைப் பிற வகுப்புகளுக்கும் பெற்றோருக்கும் வெளிப்படையாக அறிவிக்கலாமா?

திருவனந்தபுரத்தில் இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. 2025 ஜனவரியில் மாநிலப் பள்ளிக் கலைத் திருவிழா இந்நகரில்தான் நடைபெற்றது. கலைத் திருவிழாவை முன்னிட்டு நடனம், இசை, வாத்தியம் கற்பிப்போருக்கான தேவை ஆண்டுதோறும் பெருகுகிறது. வகுப்புகள் பலவும் வீட்டு மாடியிலோ கோயில் மண்டபத்திலோ நடப்பவை. அவற்றுக்குப் பதிவேடும் இல்லை, மேற்பார்வை அலுவலரும் இல்லை. ஆசிரியரின் நற்பெயர் வாய்மொழியாகப் பரவுகிறது. கெட்ட பெயர் அவ்வளவு எளிதில் பரவுவதில்லை. எல்லை தாண்டி நாகர்கோவிலிலோ தென்காசியிலோ புதிய வகுப்பு தொடங்கினால் பழைய கதையை அங்கே அறிவார் யார்?

சட்டம் என்ன சொல்கிறது?

நீதிமன்றத் தீர்ப்பு ஒரு பொது ஆவணம். இதைத் தெளிவுபடுத்திய வழக்கு தமிழகத்தைச் சேர்ந்தது. ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை வெளியிடுவது குறித்து நக்கீரன் ஆசிரியர் ராஜகோபால் தொடுத்த வழக்கில், நீதிமன்ற ஆவணங்கள் உள்ளிட்ட பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிடுவதற்குத் தனியுரிமை தடையாகாது என்று உச்ச நீதிமன்றம் 1994-இல் கூறியது. பாலியல் குற்றங்களால் பாதிக்கப்பட்டோரின் பெயர் இதற்கு விதிவிலக்கு என்றும் அதே தீர்ப்பு வரையறுத்தது. தம்மைப் பற்றிய நீதிமன்ற ஆவணங்களை இணையத்திலிருந்து நீக்கக் கோரிய மனுக்களில், திறந்த நீதிமன்ற நடைமுறையோடு அத்தகைய உரிமை பொருந்தாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் தெரிவித்தது. குடும்ப, மண வழக்குகளுக்கு மட்டும் அது சலுகை அளித்தது.

ஆனால் உண்மை என்பதாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு அவதூறுக்கு இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க இடமளிக்கிறது. உண்மையைச் சொன்னேன் என்பது மட்டும் குற்றவியல் வழக்கில் போதாது; பொது நன்மைக்காகச் சொன்னேன் என்பதும் நிலைநிறுத்தப்பட வேண்டும். ஒருவரின் நன்மை கருதி நல்லெண்ணத்துடன் தரும் எச்சரிக்கைக்கும் தனி விலக்கு உண்டு.

குழந்தைகள் வரும் இடத்தில் கற்பிப்பவர், குழந்தைக்கு எதிரான குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர் என்றால் பொது நன்மையைக் காட்டுவது கடினமன்று. சதுரங்கக் கழக உறுப்பினர் ஒருவர் காசோலை வழக்கில் பத்தாண்டுகளுக்கு முன் தண்டிக்கப்பட்டதை இன்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது அப்படியல்ல. கழகத்தின் பணப்பெட்டியை அவரிடம் ஒப்படைக்காதவரை, அது வெறும் பழிதூற்றலாகவே முடியும். பிரிட்டனில் 1974-ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டம் இந்த வேறுபாட்டை எழுத்திலேயே வைத்துள்ளது. காலாவதியான தண்டனையைத் தீய நோக்கத்துடன் வெளியிட்டதாக நிறுவப்பட்டால், உண்மை என்ற வாதம் அங்கே காப்பாற்றாது. இந்தியாவில் சிறார் பருவக் குற்றங்களைப் பொறுத்தவரை, அவர்களின் அடையாளத்தை வெளியிடுவதையே சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு தடுக்கிறது.

பலரும் கவனிக்கத் தவறும் இடர் வேறொன்று. போக்சோ சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர் மட்டுமல்லாமல் முகவரி, குடும்பம், பள்ளி, வசிக்கும் பகுதி என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. பத்துப் பன்னிரண்டு மாணவர்களே உள்ள வகுப்பில் ஆசிரியரின் பெயரோடு எந்த ஆண்டு, எந்தத் தொகுதி என்று எழுதினாலே, குழந்தை யார் என்பது தெருவுக்குத் தெரிந்துவிடும். குற்றவாளியை அம்பலப்படுத்தப் புறப்பட்டவர்கள் குழந்தையை அம்பலப்படுத்திவிடுவர்.

குற்றச்சாட்டும் குற்றத்தீர்ப்பும்

மலையாளச் செய்திகளைத் தமிழாக்கும்போது அடிக்கடி இடறும் சொல் ‘பிரதி’. குற்றம் சாட்டப்பட்டவர் என்பதே அதன் பொருள். கைப்பேசிக் குழுக்களில் அது தமிழுக்கு வரும்போது பெரும்பாலும் ‘குற்றவாளி’ ஆகிவிடுகிறது. ஒரு சொல்லில் ஒரு வழக்கு விசாரணையே காணாமற்போகிறது. தண்டனை விதிக்கப்பட்ட பின்னரும் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீட்டுக்கு வழியுண்டு. எனவே அறிவிப்பு தருவோர் நீதிமன்றத்தின் பெயர், தீர்ப்பு நாள், மேல்முறையீட்டு நிலை ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வதே பாதுகாப்பு.

இதற்காக, தீர்ப்பு வரும்வரை கைகட்டி இருக்க வேண்டும் என்பதில்லை. 2024-இல் கேரள கிரிக்கெட் சங்கத்தின் திருவனந்தபுரம் பயிற்சியாளர் ஒருவர் சிறுமிகள் அளித்த புகார்களின் பேரில் போக்சோ சட்டத்தில் கைதானார். முன்னரே புகார் எழுந்தும் அவர் பயிற்சியில் நீடித்தது எப்படி என்ற கேள்வி எழுந்தது. சங்கத்துக்கு மாநில மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. வழக்கு நிலுவையில் உள்ள ஒருவரைக் குற்றவாளி என்று ஊருக்கு அறிவிக்கச் சங்கத்துக்கு உரிமையில்லை. குழந்தைகளுடனான பணியிலிருந்து விலக்கி வைக்க அதற்குத் தடையுமில்லை. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளும்போதுதான் அமைப்புகள் மௌனத்தைத் தேர்ந்தெடுக்கின்றன.

அந்த மௌனத்தின் விலையை அமெரிக்கச் சாரணர் இயக்கம் அறியும். குழந்தைகளிடம் தவறாக நடந்ததாகச் சந்தேகிக்கப்பட்டவர்களின் கோப்புகளை அது பல பத்தாண்டுகள் பூட்டி வைத்திருந்தது. ஓரிகன் மாநில உச்ச நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2012-இல் 1,200-க்கும் மேற்பட்ட கோப்புகள் வெளியாயின. 2020-இல் இயக்கம் திவால் பாதுகாப்புக் கோரியது. பாதிக்கப்பட்டோராக 80,000-க்கும் மேற்பட்டோர் இழப்பீடு கேட்டனர்.

இந்தியாவில் பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளம் 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. அதைக் காவல்துறை போன்ற சட்ட அமலாக்க அமைப்புகள் மட்டுமே பார்க்க முடியும். அமெரிக்காவில் இத்தகைய பட்டியல் பொதுமக்களுக்கே திறந்திருக்கிறது. இங்கிலாந்து இடைப்பட்ட வழியில் செல்கிறது: தன் குழந்தையோடு பழகும் குறிப்பிட்ட ஒருவரைப் பற்றிப் பெற்றோர் காவல்துறையிடம் விசாரிக்கலாம், ஆபத்து உண்டெனில் விசாரித்தவருக்கு மட்டும் தெரிவிக்கப்படும்.

இங்கே அந்த வசதி இல்லாத நிலையில், 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகளே பெற்றோரின் கையில் உள்ள கருவி. பள்ளி, காப்பகம், விளையாட்டு அகாதெமி மட்டுமன்றி, குழந்தைகளுடன் தொடர்ந்து தொடர்புகொள்ளும் எந்த நிறுவனமும் தன் பணியாளர்களின் பின்னணியைக் காவல்துறை மூலம் குறிப்பிட்ட கால இடைவெளியில் சரிபார்க்க வேண்டும் என்று அவை கூறுகின்றன. தனக்குக் கீழ்ப் பணிபுரிபவர் செய்த குற்றத்தை அறிந்தும் புகாரளிக்காத நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை என்பது போக்சோ சட்டத்தின் 21-ஆவது பிரிவு.

வீட்டு மாடி நடன வகுப்பு ‘நிறுவனம்’ ஆகுமா என்று வாதிடலாம். தனியாளாக நடத்தும் வகுப்பில் ஆசிரியரே பொறுப்பாளர், ஆசிரியரே பணியாளர். அங்கே சரிபார்ப்பைக் கேட்டு வாங்க வேண்டியவர் பெற்றோரே. மார்ச் இறுதியில் கேரளப் பள்ளிகள் மூடப்பட்டதும் கோடை வகுப்புகளுக்கான சேர்க்கை தொடங்கிவிடும். காவல்துறைச் சான்றிதழைக் காட்டுமாறு கேட்பதைச் சட்டம் எங்கும் தடுக்கவில்லை.