பில்லின் கடைசி வரிகள்

சென்ற மாதம் நம் சங்கக் கூட்டம் முடிந்ததும் நாலைந்து பேராகக் கரோல் பாக் பக்கம் ஒரு ஓட்டலுக்குக் காப்பி சாப்பிடப் போனோம். தோசை, வடை, காப்பி எல்லாம் சேர்ந்து 840 ரூபாய். அதற்குக் கீழே 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் 84 ரூபாய். இரண்டையும் கூட்டி அதன் மேல் இரண்டரை, இரண்டரையாக ஜி.எஸ்.டி. ஆக மொத்தம் 970 ரூபாய் 20 காசு.

"சாப்பிட்டது 840, கொடுக்கிறது 970-ஆ? யாரைக் கேட்டு இந்த வரியெல்லாம் போட்டார்கள்?" என்று ஒரு நண்பர் பொரிந்து தள்ளினார்.

"நம்மைக் கேட்டா சார் வரி போடுவார்கள்? உலகத்தில் எங்கேயாவது உண்டா?" என்றார் இன்னொருவர்.

உண்டு. ஓட்டல் சாப்பாட்டுக்கு வரி போடலாமா, வேண்டாமா என்று ஊர் ஜனங்களைக் கேட்டு ஓட்டெடுத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்ல ஆரம்பித்ததும், "இங்கே சொல்லி முடிக்காதீர்கள், பத்திரிகைக்கு எழுதித் தாருங்கள்" என்று ஆசிரியர் பிடித்துக்கொண்டார். அதனால் இந்தக் கட்டுரை.

2016 செப்டம்பரில் மகளின் பிரசவத்துக்காக நானும் என் மனைவியும் அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்துக்குப் போயிருந்தோம். அவர்கள் இருப்பது ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி. வாஷிங்டனிலிருந்து போடோமாக் நதியைத் தாண்டினால் சற்றுத் தூரத்தில் வந்துவிடும். கவுண்டி என்றால் ஏறக்குறைய நம் ஜில்லா மாதிரி; ஆனால் கலெக்டர் ஆட்சி கிடையாது. தேர்ந்தெடுக்கப்பட்ட 10 பேர் கொண்ட வாரியம்தான் வரவு செலவு முழுவதையும் தீர்மானிக்கிறது. ஜனத்தொகை சுமார் 11 லட்சம்.

அது ஜனாதிபதி தேர்தல் சமயம். வீட்டு வாசல் புல்தரைகளில் ஹிலாரி பலகையும் டிரம்ப் பலகையும் நட்டிருந்தார்கள். அவற்றுக்கு நடுவே சிறிதாக மூன்றாவது பலகை ஒன்று, சில வீடுகளில் வரி வேண்டும் என்றும் சில வீடுகளில் வேண்டாம் என்றும் சொல்லிக்கொண்டிருந்தது. 34 வருஷம் கணக்கு இலாகாவில் உட்கார்ந்து பென்ஷன் வாங்கியவனுக்கு எந்தப் பலகை மேல் கண் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

விஷயம் இதுதான். ஓட்டலில் சாப்பிட்டால் அங்கே ஏற்கனவே 6 சதவீதம் விற்பனை வரி. அதன் மேல் கவுண்டி தனியாக 4 சதவீதம் உணவு வரி போட விரும்பியது. மளிகைக் கடையில் அப்படியே சாப்பிடும்படி தயாராக விற்கும் கோழி வறுவல், சாலட் இவற்றுக்கும் உண்டு. வருஷத்துக்கு ஏறக்குறைய 10 கோடி டாலர் வரும் என்று மதிப்பிட்டார்கள். அதில் 70 சதவீதம் பள்ளிக்கூடங்களுக்கு; மீதி 30 சதவீதம் மற்ற சேவைகள், கட்டுமானம், வீட்டு வரிச் சுமையைக் குறைப்பது ஆகியவற்றுக்கு. இந்தப் பங்கீட்டை வாக்குச் சீட்டிலேயே அச்சடித்திருந்தார்கள்.

சரி, வாரியமே போட்டுவிட்டுப் போகலாமே, ஜனங்களைக் கேட்பானேன்? அங்கேதான் சூட்சுமம். தில்லன் விதி என்று ஒன்று உண்டு. ஜான் தில்லன் என்ற அயோவா மாநில நீதிபதி 1868-ல் வகுத்தது. மாநிலம் எந்த அதிகாரத்தைக் கொடுத்ததோ அந்த அதிகாரம் மட்டுமே உள்ளாட்சிக்கு உண்டு, அதற்கு மேல் ஒரு துரும்பும் கிடையாது என்பது அதன் சாரம். வர்ஜீனியா அதைக் கறாராகப் பின்பற்றும் மாநிலம். அங்கே நகரங்கள் தாமாகவே உணவு வரி போடலாம். கவுண்டிகள் மட்டும், அந்நாளைய சட்டப்படி, ஜனங்களின் வாக்கெடுப்பில் ஜெயித்தால்தான் போடலாம். அதுவும் 4 சதவீதத்துக்கு மேல் கூடாது. இதன் விளைவு வேடிக்கையானது. ஃபேர்ஃபாக்ஸ் நகரம் என்று தனியாக ஒரு ஊர், கவுண்டிக்கு நட்டநடுவே தீவு மாதிரி இருக்கிறது. அங்கே அப்போதே 4 சதவீத உணவு வரி உண்டு. எல்லையைத் தாண்டி ஒரு கடை தள்ளிச் சாப்பிட்டால் கிடையாது. கவுண்டிக்குள்ளேயே இருக்கும் வியன்னா என்ற சிற்றூரில் 3 சதவீதம். கவுண்டி 1992-ல் ஒரு தடவை ஜனங்களைக் கேட்டுப் பார்த்துத் தோற்றுப் போயிருந்தது. இது இரண்டாவது முயற்சி.

அக்டோபரில் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இதைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் போட்டார்கள். மகளுக்கு நடமாட முடியாத நிலை. மாப்பிள்ளைதான் அழைத்துப் போனார். அவரிடம் கிரீன் கார்டுதான், ஓட்டு கிடையாது. மகள் மட்டும் பிரஜை. "ஓட்டு அவளுக்கு, வரி எனக்கு, மாமா" என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தார். ஆபீஸ் நாட்களில் மத்தியானச் சாப்பாடு அவருக்கு எப்போதும் வெளியில்தான்.

ஓர் எழுபது எழுபத்தைந்து பேர் இருப்பார்கள். யாரும் கத்தவில்லை. ஆளுக்கு இரண்டு நிமிஷம். மணி அடித்தால் உட்கார்ந்துவிட வேண்டும். முதலில் ஒரு ஆசிரியை எழுந்தார். பக்கத்து ஆர்லிங்டனில் சம்பளம் அதிகம், தன்னோடு சேர்ந்தவர்களில் பாதிப் பேர் அங்கே போய்விட்டார்கள், வகுப்பில் பிள்ளைகள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது என்றார். அந்தக் கவுண்டியில் படிக்கும் பிள்ளைகள் 1,80,000-க்கும் மேல். பொது நிதியில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடங்களுக்கே போகிறது.

அடுத்து ஒரு வயதான அம்மாள். புருஷன் இல்லை, பென்ஷன் மட்டும். கவுண்டியின் வருமானத்தில் 60 சதவீதத்துக்கு மேல் வீட்டு, நில வரியிலிருந்தே வருகிறது. அந்த வருஷம்தான் 100 டாலர் மதிப்புக்கு 1.09 டாலர் என்று இருந்ததை 1.13 ஆக்கியிருந்தார்கள். 5 லட்சம் டாலர் வீடு என்றால் 5,450 கட்டியவர் 5,650 கட்ட வேண்டும். "வீட்டை நான் தின்ன முடியாது. ஓட்டலுக்குப் போவதை நிறுத்த முடியும். போகிறவர்கள் கொடுக்கட்டும்" என்றார் அந்த அம்மாள். வெளியூரிலிருந்து வந்து சாப்பிடுகிறவர்களும் இந்த வரியைக் கொடுப்பார்கள் என்பதையும் எடுத்துச் சொன்னார். நல்ல கைதட்டல்.

பிறகு சாண்டிலி பக்கத்தில் சின்னதாக ஓட்டல் வைத்திருக்கும் நம் நாட்டுக்காரர் ஒருவர் பேசினார். "ஊரில் எத்தனையோ வியாபாரம் நடக்கிறது. செருப்புக் கடைக்கு இல்லாத வரி, துணிக் கடைக்கு இல்லாத வரி, எனக்கு மட்டும் ஏன்?" என்பது அவர் கேள்வி. இன்னொன்றும் சொன்னார், அது என் மனதில் தங்கிவிட்டது. அங்கே டிப்ஸ் வாங்கும் பரிமாறுகிறவர்களுக்கு முதலாளி கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர்தான். மற்றதெல்லாம் டிப்ஸ். 60 டாலர் சாப்பிட்ட குடும்பத்துக்குப் புது வரி 2.40 டாலர். பில்லின் கடைசி எண்ணைப் பார்த்து மனம் சுருங்கினால், அந்த 2.40-ஐ அவர்கள் டிப்ஸில்தான் குறைப்பார்கள். நஷ்டம் மேஜை துடைக்கும் பையனுக்கு என்றார்.

கடைசி வரிசையிலிருந்து எழுந்த ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். 70 சதவீதம் பள்ளிக்கு என்கிறீர்கள். இப்போது பொது நிதியிலிருந்து பள்ளிக்குக் கொடுக்கிற தொகையைக் குறைக்க மாட்டோம் என்று எங்கே எழுதியிருக்கிறது? புதுப் பணம் முன் வாசலில் உள்ளே வர, பழைய பணம் பின் வாசலில் வெளியே போனால் பள்ளிக்கு என்ன லாபம்? மேடையில் இருந்தவர்கள் வாரியத்தின் நல்லெண்ணத்தைப் பற்றிப் பேசினார்கள். கேள்விக்குப் பதில் வரவில்லை. எந்தக் கணக்கு அலுவலகத்திலும் பணத்தின் நெற்றியில் பெயர் எழுதியிருக்காது. தனித் தலைப்பில் வரவு வைத்த செஸ் தொகைகள் எங்கே போயின என்று தேடிய அனுபவம் எனக்கு உண்டு. அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால், அந்தப் பதில் வரும்வரை ஆதரிக்க மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன்.

வீட்டில் மகள் ஒத்துக்கொள்ளவில்லை. "நம் வீட்டுச் சாப்பாட்டுச் செலவில் வெளியில் 200 டாலர் போகிறது. அதற்கு 8 டாலர் வரி. இந்தக் குழந்தை படிக்கப் போகிற பள்ளிக்கு அதுகூடக் கொடுக்கக் கூடாதா அப்பா?" என்று கேட்டாள். பிறந்து 10 நாள் ஆன குழந்தை மடியில். நான் என்ன சொல்வது? நவம்பர் 8-ந் தேதி போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தாள். வரி தோற்றது. 100-க்கு 56 பேர் வேண்டாம் என்றிருந்தார்கள்.

கதை அதோடு முடியவில்லை. 2020-ல் வர்ஜீனியா சட்டசபை சட்டத்தையே மாற்றி, கவுண்டிகளும் வாக்கெடுப்பு இல்லாமல் 6 சதவீதம் வரை உணவு வரி போடலாம் என்று அதிகாரம் கொடுத்துவிட்டது. ஃபேர்ஃபாக்ஸ் வாரியம் 2025 மே மாதம் அந்தப் பழைய 4 சதவீதத்தையே நிறைவேற்றியது. 2026 ஜனவரி 1 முதல் அமல். மகள் போனில் சொன்னாள்: "நான் கேட்டது கிடைத்துவிட்டது அப்பா. ஆனால் இந்தத் தடவை என்னை யாரும் கேட்கவில்லை." மாப்பிள்ளை இப்போது டப்பாவில் தயிர் சாதம் எடுத்துப் போகிறாராம். வரிக்காகவா, கொலஸ்டிராலுக்காகவா என்று நான் விசாரிக்கவில்லை.

இனி நம் ஊர்க் கணக்கு. ஓட்டல் சாப்பாட்டை விற்பனை என்று சொல்லலாமா என்பதே இங்கே பெரிய வழக்காக இருந்தது. அதுவும் நம் டில்லி வழக்கு. நார்தர்ன் இந்தியா கேட்டரர்ஸ் என்ற நிறுவனம் டில்லி துணைநிலை கவர்னருக்கு எதிராகத் தொடுத்தது. உணவு பரிமாறுவது ஒரு சேவை, அதைப் பொருள் விற்பனையாகக் கருதி விற்பனை வரி போட முடியாது என்று 1978-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநிலங்களுக்குப் பெரிய இடி. 1982-ல் அரசியல் சட்டத்தின் 46-வது திருத்தம் கொண்டுவந்து, உணவு பரிமாறுவதும் விற்பனைதான் என்று எழுதிச் சேர்த்தார்கள். விற்பனையென்று மாநிலம் வரி வாங்க, சேவையென்று 2011 முதல் ஏ.சி. ஓட்டல்களில் மத்திய அரசும் வாங்க ஆரம்பித்தது. ஒரே தோசைக்கு இரண்டு வேஷம்! நான் ஃபேர்ஃபாக்ஸில் இருந்த அதே 2016-ல் டில்லி ஏ.சி. ஓட்டலில் வாட் 12.5 சதவீதம், சேவை வரி செஸ்களோடு 6 சதவீதம். மொத்தம் பத்தாகிவிடுமே என்று அங்கே ஊரே இரண்டுபட்டு நின்றபோது, இங்கே நாம் பதினெட்டரை கொடுத்துக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளையிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தார்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது ஏ.சி. ஓட்டலுக்கு 18, மற்றவற்றுக்கு 12 என்று இருந்து, அந்த வருஷம் நவம்பர் 15 முதல் பெரும்பாலான ஓட்டல்களுக்கு 5 சதவீதம் ஆயிற்று. பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநிலத்துக்கு. ஓட்டல் வாசலில் குப்பை அள்ளும் மாநகராட்சிக்கு இதில் நேரடியாக ஒரு காசும் கிடையாது. மும்பைக்காரர்களுக்கு ஆக்ட்ராய் என்ற சொந்த வருமானம் இருந்தது, அதுவும் ஜி.எஸ்.டி.யோடு போயிற்று.

வாசகர்களுக்கு இரண்டு விஷயம் பயன்படும். சிறிய ஓட்டல்கள் பல, காம்போசிஷன் என்ற திட்டத்தில் இருக்கின்றன. அவை தம் விற்றுமுதலில் 5 சதவீதத்தைத் தாமே கட்ட வேண்டும், நம்மிடம் ஜி.எஸ்.டி. என்று தனியாக வாங்கக் கூடாது. பில்லின் தலைப்பில் அந்த வார்த்தை இருந்து, கீழே வரியும் போட்டிருந்தால் தைரியமாகக் கேளுங்கள். அடுத்தது சர்வீஸ் சார்ஜ். அது வரியே இல்லை, அரசாங்கத்துக்குப் போவதில்லை. அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது. ஓட்டல்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2025 மார்ச் 28-ந் தேதி டில்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கமே தீர்ப்பளித்தது.

அன்று கல்லாவில் இதைச் சொன்னோம். மேனேஜர் முணுமுணுத்துக்கொண்டே 882 ரூபாய்க்கு வேறு பில் போட்டுக் கொடுத்தார். பரிமாறிய பையன் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அந்தச் சாண்டிலி ஓட்டல்காரர் ஞாபகம். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு 80 ரூபாய் சேர்த்து அவன் கையில் கொடுத்தோம். முதலில் பொரிந்த நண்பர் தம் பங்குக்கு 20 ரூபாயை எடுத்து வைத்துவிட்டு, "இதுக்கு ஜி.எஸ்.டி. உண்டா சார்?" என்று கேட்டார்.