வெள்ளை மத்தாப்பில் பேரியம் இருக்கா? லேசரைக் கேளுங்க!



பச்சையாக எரிந்தால் பேரியம், சிவப்பு என்றால் ஸ்ட்ரான்சியம், மஞ்சள் என்றால் சோடியம். லேபில் சுடர்ச் சோதனை செய்யும்போது இதைப் பார்க்கிறோம். அப்படியானால் பச்சை வராத வெடியில் பேரியம் இல்லை என்றுதானே நினைப்பீங்க? அதுதான் கிடையாது! பேரியம் நைட்ரேட்டை நிறத்துக்காக மட்டும் சேர்ப்பதில்லை. மருந்து எரிவதற்கு ஆக்சிஜன் கொடுப்பதும் அதுதான். அதனால் வெள்ளைப் பொறி பறக்கும் கம்பி மத்தாப்பிலும் அது இருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது.

தெரிந்து என்ன ஆகப் போகுது என்கிறீர்களா? 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளுக்குத் தடை போட்டது. 2021-ல் அதை உறுதி செய்தது. 2023-ல் அனுமதி கேட்டபோதும் மறுத்துவிட்டது. நம் சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆபீசுக்குப் போகிறவர் இல்லாத தெரு உண்டா? சோதனையில் 'இருக்கு' என்று தவறாக வந்தால் வேலை போகும். 'இல்லை' என்று தவறாக வந்தால் மருந்து கலக்குகிறவர் உடம்புக்கே ஆபத்து. நீரில் கரையும் பேரியம் உப்புகள் விஷம். ஆகவே அளவு சரியாகத் தெரிய வேண்டும்.

அளப்பது எப்படி? லேசர் நிறமாலை முறை ஒரு வழி.

1. 1064 நானோமீட்டர் லேசர் ஒளியைச் சில நானோ விநாடி மட்டும் மருந்து மாதிரியின் மேல் குவிப்பார்கள். அடிபடும் இடம் கடுகைவிடச் சிறியது. அது 10,000 டிகிரிக்கு மேல் சூடாகி, குட்டி மின்னல் மாதிரிப் பொறியாகும்.

2. அந்தப் பொறியின் ஒளியை நிறம் நிறமாகப் பிரிப்பார்கள். பழைய சி.டி.யை டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பாருங்க, அதே வேலைதான்.

3. ஒவ்வொரு தனிமத்துக்கும் கைரேகை போலத் தனிக் கோடுகள் உண்டு. பேரியத்துக்கு 455.4, 493.4, 553.5. சோடியத்துக்கு 589.0, 589.6. எல்லாம் நானோமீட்டர் கணக்கு.

4. அளவு தெரிந்த மாதிரிகளை (1%, 2%, 5% என்று) முதலில் சோதித்து வரைபடம் போடுவார்கள். பிறகு தெரியாத மாதிரியின் கோடு எவ்வளவு பிரகாசம் என்று பார்த்து, அந்த வரைபடத்தில் அளவைப் படிப்பார்கள்.

ஒரு கோடு மட்டும் பார்த்தால் போதாதா? போதாது. பக்கத்தில் வேறு தனிமத்தின் கோடு ஒட்டியிருக்கலாம். பேரியம் மிக அதிகமானால், பொறிக்குள் இருக்கும் பேரியமே தன் ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். அப்போது அளவு குறைச்சலாகக் காட்டும். பல கோடுகளும் ஒரே பதிலைச் சொன்னால்தான் நம்பலாம். ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியுமா?

நண்பர்களே! நிறத்தைப் பார்த்து 'இதில் இது இருக்கு, அது இல்லை' என்று அடித்துப் பேசாதீங்க. கண் நிறத்தைச் சொல்லும், கருவிதான் அளவைச் சொல்லும். நான் வேதியியல் படிக்க ஆசைப்படுவதும் இதற்காகத்தான். நம்ம ஊர் மருந்தை நம்ம ஊர்ப் பிள்ளைகளே அளக்க வேண்டாமா?

– பதினோராம் வகுப்பு மாணவி