உங்களுக்குத் தெரியுமா? ஒரே வானொளி, ஆளுக்கொரு நிறம்

நிலவு வெளிச்சத்தில் ஹுன்னஸ்கிரியத் தேயிலைச் செடிகளைப் பார்த்திருக்கிறீர்களா? பகலில் கண்ட பச்சை எங்கேயோ போய், எல்லாம் சாம்பலாகத் தெரியும். மங்கல் வெளிச்சத்தில் வேலை செய்யும் கண் செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. துருவப் பகுதிகளின் இரவு வானில் தோன்றும் துருவ ஒளியிலும் (aurora) இதே கதைதான்: ஒருவருக்குப் பச்சை, பக்கத்தில் நிற்பவருக்கு வெளிறிய மேகம், பொறுமையாக ஒளியைச் சேர்க்கும் கமராவுக்கோ கொள்ளை நிறம்!

நிற்கும் இடமும் நிறத்தை மாற்றும். வளிமண்டல ஒக்சிசன் 100 கிலோமீற்றருக்குச் சற்று மேலே பச்சையாகவும், 200ஐத் தாண்டினால் சிவப்பாகவும் ஒளிரும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்குக் கீழேயுள்ள பச்சை அடிவானத்தில் மறைந்துவிட, உயரத்துச் சிவப்புதான் தலைகாட்டும். 2024 மே 10 இரவு, லடாக்கின் ஹன்லே வானாய்வகக் கமராக்களில் பதிந்தது அந்தச் செவ்வொளியே. காந்த நடுக்கோட்டை ஒட்டிக் கிடக்கும் இலங்கைக்கு அதுகூட எட்டவில்லை.