உடல் இளைத்தது, தோல் ஏன் இளைக்கவில்லை?

பழைய கால்சட்டை ஒன்றின் இடுப்பு எலாஸ்டிக்கை இழுத்துவிட்டுப் பாருங்கள். புதிதாக இருந்தபோது சட்டென்று சுருங்கிய அதே பட்டை இப்போது தளர்ந்து கிடக்கும். நன்றாக ஊதிக் கட்டிய பலூனை நான்கு நாள் கழித்துக் காற்றிறக்கினாலும் அப்படித்தான். அது பழைய அளவுக்குத் திரும்பாமல் சுருக்கம் விழுந்து காணப்படும். மிகவும் பருத்த உடல் இளைக்கும்போது நம் தோலுக்கு நேர்வதும் ஏறக்குறைய இதுவே.

உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி, மருந்து, அறுவைச் சிகிச்சை எனப் பல வழிகளில் முப்பது, நாற்பது கிலோ எடையைக் குறைப்பவர்கள் இன்று இருக்கிறார்கள். மாதக்கணக்கில் பாடுபட்ட ஒருவர் கண்ணாடியின் முன் நிற்கிறார். வயிற்றிலும் மேற்கையிலும் தொடையிலும் தோல் தொங்குகிறது. ‘இதற்காகவா இத்தனை பாடு?’ என்று மனம் சோர்கிறது. பாதி வழியில் முயற்சியைக் கைவிடுவோரும் உண்டு. உடலுக்குள் நடப்பது என்னவென்று தெரிந்துகொண்டால் இந்தச் சோர்வு பெரிதும் குறையும்.

கொழுப்பு எங்கே போகிறது?

கொழுப்பு வியர்வையாக உருகி வழிந்துவிடுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. கொழுப்பு உடலின் எரிபொருள். ஆக்சிஜனுடன் சேர்ந்து கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறுகிறது. 10 கிலோ கொழுப்பு முழுவதும் எரிந்தால், அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சின் வழியே வெளியேறும், மீதி 1.6 கிலோ நீராகும் என்று ஆஸ்திரேலியாவின் ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரௌன் இருவரும் 2014-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஆக, இளைத்தவர் தம் பருமனில் பெரும்பகுதியை ஊதியே தள்ளிவிட்டார் எனலாம்!

ஆனால் தோல் எரிபொருள் அன்று. மூட்டையிலிருந்து நெல்லை எடுத்தால் நெல்தான் குறையும், சாக்கு குறையுமா?

ஒரு சிறு கணக்கு

உயரமும் எடையும் தெரிந்தால் உடலின் மேற்பரப்பைத் தோராயமாகக் கணக்கிட 1916-இல் டு பாய் என்னும் பெயருடைய இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு வாய்பாட்டைத் தந்தார்கள். 170 சென்டிமீட்டர் உயரமும் 120 கிலோ எடையும் உள்ள ஒருவரின் மேற்பரப்பு அதன்படி சுமார் 2.28 சதுர மீட்டர். அவரே 80 கிலோவுக்கு இறங்கினால் தேவைப்படும் மேற்பரப்பு சுமார் 1.92 சதுர மீட்டர். எடை மூன்றில் ஒரு பங்கு குறைந்தும், மேற்பரப்பு ஆறில் ஒரு பங்கே குறைகிறது. என்றாலும் மிச்சம் 0.36 சதுர மீட்டர். அதாவது, பக்கத்துக்கு 60 சென்டிமீட்டர் உள்ள ஒரு சதுரத் துணி! இவ்வளவு தோலும் சுருங்கியாக வேண்டும்.

மீட்சிக்கும் எல்லை உண்டு

இழுவிசைக்கு ஏற்ற அளவில் பொருள் நீளும் என்னும் விதியை ராபர்ட் ஹூக் 1678-இல் வெளியிட்டார். விசையை நீக்கினால் பொருள் பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால் இது மீட்சி எல்லைக்கு உட்பட்டே நடக்கும். எல்லை தாண்டினால் திரிபு நிலைத்துவிடும்.

தோலின் உள்ளடுக்கில் இருவகை இழைகள் உள்ளன. கொலாஜன் கயிற்றைப் போல உறுதி தருகிறது. எலாஸ்டின் இரப்பரைப் போல இழுத்துச் சுருக்குகிறது. எலாஸ்டினைப் பெரும்பாலும் நம் உடல் இளம் பருவத்திலேயே உண்டாக்கி முடித்துவிடுகிறது. பிற்காலத்தில் சிதைந்தால் அது சரிவரப் புதுப்பிக்கப்படுவதில்லை. உள்ளடுக்கு கிழிவதால் உண்டாகும் வரிகள் முதலில் சிவந்து, பின்னர் வெளுத்து நிற்கும். பிள்ளை பெற்ற தாய்மாரின் வயிற்றில் இவற்றைக் காணலாம்.

இரப்பருக்கு இல்லாத ஒரு குணமும் தோலுக்கு உண்டு. அது உயிருள்ளது; மெல்ல மெல்ல இழுக்கப்பட்டால் வளரவும் செய்யும். மருத்துவர்கள் தோலுக்கடியில் ஒரு பையை வைத்து, அதில் சிறிது சிறிதாக உப்புநீரை ஏற்றி, ஒட்டுப்போடத் தேவையான தோலை இம்முறையில் வளர்த்தெடுக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் பருத்திருந்த உடலிலும் இப்படிப் புதிய தோல் உண்டாகியிருக்கிறது.

எனவே தோல் எவ்வளவு சுருங்கும் என்பதை வயது, பருமன், பருத்திருந்த காலம், பரம்பரை, வெயில், புகைப்பழக்கம் ஆகியவை முடிவு செய்கின்றன. இப்பட்டியலில் மன உறுதி இல்லை என்பதைக் கவனியுங்கள். தொங்கும் தோல் எவருடைய தோல்வியும் அன்று.

தராசு ஏன் நகர மறுக்கிறது?

சூடான காப்பி முதல் சில நிமிடங்களில் விரைவாக ஆறும். பிறகு மெதுவாகவே ஆறும். எடைக் குறைவும் அத்தகையதே. உடல் சிறிதாகும்போது அதன் அன்றாட ஆற்றல் செலவும் சிறுக்கிறது. முதல் மாதத்தில் நான்கு கிலோ குறைத்த அதே உணவு, எட்டாம் மாதத்தில் ஒரு கிலோதான் குறைக்கக்கூடும்.

பசியும் எளிதில் விடாது. 1944–45-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 ஆரோக்கியமான தொண்டர்கள் 24 வாரம் அரைப்பட்டினி கிடந்தனர். எடையில் ஏறத்தாழக் கால் பங்கை இழந்தனர். அவர்களுக்கு உணவைப் பற்றியே ஓயாத நினைவு. எரிச்சலும் மனச்சோர்வும் கூடின. அளவுக்கு மீறிய பட்டினி மனத்தையும் முறிக்கும் என்பதே இதன் பாடம்.

இன்னொன்று: உடலில் சேரும் ஒரு கிராம் கிளைக்கோஜன் சுமார் மூன்று கிராம் நீரைப் பிடித்து வைக்கிறது. உப்பு கூடினாலும் நீர் தங்கும். ஆகவே ஒரே நாளில் ஒரு கிலோ ஏறுவது கொழுப்பு அன்று. ஆய்வகத்தில் பல அளவீடுகள் எடுத்துச் சராசரி காண்கிறோம் அல்லவா? எடைக்கும் வாரச் சராசரியையே நம்புங்கள்.

செய்யக்கூடியவை

வாரத்துக்கு அரை முதல் ஒரு கிலோ குறைந்தால் போதும். பருப்பு, முட்டை, மீன், பால் போன்ற புரத உணவும், பளு தூக்கும் பயிற்சியும் தசையைக் காக்கும். தசை ஓரளவு தோலை நிரப்பும். எடை நிலைத்த பின்னும் பல மாதங்கள் தோல் மெல்லச் சுருங்கும், பொறுத்திருங்கள். களிம்புகளை நம்பிப் பணத்தை இறைக்க வேண்டாம். பூசும் களிம்பால் 0.36 சதுர மீட்டர் தோல் மறைந்துவிடாது. மடிப்புகளில் வியர்வை தங்கினால் புண்ணும் பூஞ்சையும் வரும். குளித்ததும் ஈரம் ஒற்றி, பருத்தி ஆடை அணியுங்கள். புண் ஆறாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். மிகுதித் தோலை அறுவைச் சிகிச்சையால் அகற்றலாம். ஆனால் எடை சில மாதங்களாவது நிலைத்த பிறகே அதைச் செய்வார்கள். நீண்ட தழும்பும் இருக்கும்.

கண்ணாடியை மட்டும் அளவுகோலாகக் கொள்ளாதீர்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, மாடிப்படி ஏறும்போது வாங்கும் மூச்சு ஆகியவற்றையும் குறித்து வாருங்கள். முழங்கால் தேய்மானமுள்ள முதியோரிடம் நடத்தி 2005-இல் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, உடலில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது. கண்ணாடியில் தெரியாத இலாபம் இது.

சுற்றியிருப்போருக்கும் ஒரு வார்த்தை. இளைத்தவரைக் கண்டதும் ‘என்ன, உடம்புக்கு முடியலையா? முகமே வாடிப்போச்சே!’ என்று கேட்பது நம்மிடையே வழக்கம். அன்பால் கேட்பதுதான். ஆனால் ஒரு வருட உழைப்பை அந்த ஒரு கேள்வி முடக்கிவிடலாம். அடுத்த முறை, ‘இப்போது மாடி ஏற எளிதாக இருக்கிறதா?’ என்று கேட்டுப் பாருங்கள்.