செங்கற்கள் ஆற்றோடு போன வழி

காலை ஏழு மணிக்கெல்லாம் பாங்காக் ஹோட்டல் வாசலில் வேன் வந்து நின்றுவிடும். கழுத்தில் உரிம அட்டையைத் தொங்கவிட்டிருக்கும் வழிகாட்டி, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, முதலில் ஒரு விஷயத்தைச் சொல்வார்: தொப்பி இல்லாதவர்கள் போய் எடுத்துக்கொண்டு வாருங்கள். அவர் சொல்வதைக் கேட்பது நல்லது. வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் அயுத்தயாவில் பார்க்க வேண்டிய இடங்களில் பாதிக்கு மேல் கூரை இல்லாதவை.

கூரை இல்லாததற்கு ஒரு தேதி உண்டு. 1767 ஏப்ரல் 7. பதினான்கு மாத முற்றுகைக்குப் பிறகு பர்மியப் படை நகருக்குள் புகுந்து தீ வைத்தது. நானூறு ஆண்டுகளுக்கு மேல் சியாம் ராஜ்யத்தின் தலைநகராக இருந்த ஊர் அன்றோடு முடிந்தது. 15 ஆண்டுகள் கழித்து, 1782ல், அதே ஆற்றின் கீழ்ப்பகுதியில் பாங்காக் தலைநகரானது. அழிந்ததையும் அதிலிருந்து முளைத்ததையும் ஒரே பகலில் பார்த்துவிட முடிவதுதான் இந்த ஒருநாள் சுற்றுலாவின் சிறப்பு. ஆனால் பெரும்பாலோர் காலையில் பார்த்த இடிபாட்டையும் மாலையில் திரும்பும் பாங்காக்கையும் தனித்தனியாகவே நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டையும் முடிச்சுப் போட்டுக் காட்ட ஒரு நல்ல வழிகாட்டி வேண்டும். இல்லையென்றால் மூன்றாவது கோயிலுக்குள் போகும்போதே எல்லாச் செங்கலும் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கிவிடும்.

வேனிலிருந்து இறங்கியதும் தமிழ்ப் பயணி கவனிக்க வேண்டியவை பெயர்கள். உச்சரிப்பு வாயில் நுழையாததுபோல் இருந்தாலும், கொஞ்சம் காதைத் தீட்டிக் கேட்டால் பாதி பிடிபட்டுவிடும். அயுத்தயா என்பது அயோத்தி. 1351ல் நகரை நிறுவிய ஊ தோங் மன்னர் சூட்டிக்கொண்ட பட்டம் ராமாதிபோதி. நம் வாயில் ராமாதிபதி. 'வாட்' என்றால் புத்த மடாலயத்தோடு சேர்ந்த கோயில். வாட் மகாதாட் என்பது மகா தாது, அதாவது புத்தரின் எச்சங்கள் வைக்கப்பட்ட கோயில். வாட் யாய் சாய் மொங்கோனில் இருப்பது ஜய மங்கலம். வாட் பிரா சீ சன்பெட்டில் 'சீ' என்பது ஸ்ரீ, 'சன்பெட்' என்பது சர்வக்ஞர், எல்லாம் அறிந்தவர். யானை மேலிருந்து போரிட்ட மன்னர் நரேசுவன் நமக்கு நரேஸ்வரன்.

பெரும்பாலும் ஜய மங்கலத்தில்தான் சுற்று தொடங்குகிறது. ஆறுகள் சூழ்ந்த பழைய நகரத் தீவின் கிழக்கே, ஆற்றுக்கு வெளியே இருக்கும் இந்தக் கோயில், இலங்கையில் பயின்று திரும்பிய பிக்குகளுக்காக 1357ல் உருவானது. அதன் உயர்ந்த ஸ்தூபியை, 1593ல் பர்மிய இளவரசரை யானைப் போரில் நரேசுவன் வென்றதன் நினைவாக எழுப்பியதாகச் சொல்கிறார்கள். ஸ்தூபியைச் சுற்றி வரிசையாக உட்கார்ந்திருக்கும் புத்தர் சிலைகளுக்குக் காவித் துணி சுற்றியிருக்கும். இங்கே இன்னும் வழிபாடு நடக்கிறது. ஆகவே செருப்பைக் கழற்றுவது, தோளையும் முழங்காலையும் மூடியிருப்பது எல்லாம் நம் ஊர்க் கோயிலில்போலத்தான்.

பிறகு பாலம் தாண்டித் தீவுக்குள் போகலாம். சாவோ பிரயா, பா சாக், லோப்புரி என்று மூன்று ஆறுகள் கூடும் இடம் இது. கால்வாய் வெட்டி அவற்றை இணைத்து நகரைச் சுற்றித் தண்ணீரை ஓடவிட்டிருக்கிறார்கள். எதிரி வந்தால் மழைக்காலம் வரை தாக்குப்பிடித்தால் போதும். வெள்ளம் வயல்களை மூழ்கடித்து முற்றுகைப் படையைத் துரத்திவிடும். பலமுறை கைகொடுத்த உபாயம் அது. 1766ல் மட்டும் கைகொடுக்கவில்லை. பர்மியப் படை திரும்பிப் போகாமல் மேட்டு நிலங்களில் முகாமிட்டு, படகு கட்டிக்கொண்டு, வெள்ளம் வடியும்வரை காத்திருந்தது.

வாட் மகாதாட்டில் எப்போதும் கூட்டம். ஓர் அரசமரத்தின் அடியில், பின்னிக் கிடக்கும் வேர்களுக்கு நடுவே ஒரு புத்தர் தலை. மணற்கல்லில் செதுக்கிய அந்த முகம் கண் தாழ்த்தி அமைதியாக இருக்கிறது. அது அங்கே எப்படி வந்தது என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. நகரம் எரிந்தபோது விழுந்தது என்பார்கள் சிலர். திருடன் தூக்க முடியாமல் போட்டுவிட்டுப் போனது என்பார்கள் வேறு சிலர். ஆள் நடமாட்டம் இல்லாமல் கிடந்த காலத்தில் மரம் அதை ஏந்திக்கொண்டது. படம் எடுக்கிறவர்கள் புத்தரின் தலையைவிடத் தங்கள் தலை உயராதபடி குந்தி உட்கார வேண்டும் என்பது விதி. மறந்து நிற்பவர்களுக்கு அங்குள்ள காவலர் கையால் தரையைக் காட்டுவார்.

அந்த ஒரு தலையைப் பார்த்த கண்ணுக்குச் சுற்றியிருப்பவை அப்புறம்தான் உறைக்கின்றன. வரிசை வரிசையாகத் தலை இல்லாத உடல்கள். எல்லாமே 1767ல் நடந்ததல்ல என்பதை வழிகாட்டி கட்டாயம் சொல்ல வேண்டும். சிலைக்குள் பொன் இருக்கும் என்று உடைத்தவர்கள் உண்டு. பழம்பொருள் சந்தையில் முழுச் சிலையைவிடத் தலையைக் கடத்துவது சுலபம் என்று, இருபதாம் நூற்றாண்டு வரை அறுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு. தமிழ்நாட்டுக் கோயில்களின் செப்புத் திருமேனிகள் எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தன என்று படித்தவர்களுக்கு இந்த வரிசையைப் பார்த்ததும் நெஞ்சை அடைக்கும்.

இன்னொன்றையும் மனக்கண்ணில் பூசிப் பார்க்க வேண்டும். இப்போது சிவந்து தெரியும் செங்கல் அன்று வெளியே தெரிந்ததே இல்லை. அதன்மேல் சுண்ணாம்புச் சாந்து, சாந்தில் பூவேலை, சில இடங்களில் பொன்பூச்சு. மக்களின் வீடுகள் மரத்திலும் மூங்கிலிலும் கால்நாட்டிக் கட்டியவை. அவை எரிந்து சாம்பலாகிவிட்டன. மிஞ்சியதெல்லாம் சாமிக்குக் கட்டியதுதான். ஒரு பெருநகரத்தின் எலும்பை மட்டும் பார்க்கிறோம்.

சாலையைக் கடந்தால் வாட் ராட்சபுரணா. நேரம் குறைவு என்று பல குழுக்கள் இதை விட்டுவிடுவது பெரிய இழப்பு. 1424ல் அரசர் இறந்ததும் மூத்த இளவரசர்கள் இருவரும் அரியணைக்காக யானை மேலேறி மோதினார்கள், இருவருமே செத்தார்கள். மூன்றாமவர் அரசராகி, அண்ணன்மார் எரியூட்டப்பட்ட இடத்தில் இந்தக் கோயிலைக் கட்டினார். சோளக்கதிர்போல் உயர்ந்து நிற்கும் கோபுரத்துக்கு 'பிராங்' என்று பெயர். அதன் வயிற்றுக்குள் செங்குத்தான படிகள் இறங்குகின்றன. அடியில் இருக்கும் சிற்றறையில் மங்கிப்போன சுவரோவியங்களை இன்றும் பார்க்கலாம்.

அந்த அறையில் ஐந்நூறு ஆண்டுக்கு மேல் பொன் உறங்கிக்கொண்டிருந்தது. 1957ல் திருடர்கள் தோண்டி எடுத்தார்கள். சிலர் பிடிபட்டார்கள், ஒரு பகுதி மீட்கப்பட்டது, அதற்குப் பிறகுதான் தொல்லியல் துறையினர் முறையாகத் திறந்து மீதியை எடுத்தார்கள். ரத்தினம் பதித்த அரச வாள், மண்டியிட்ட பொன் யானை என்று கிடைத்தவையெல்லாம் சாவோ சாம் பிரயா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கோயிலில் கிடைத்த ஏராளமான சிறு புத்தர் அச்சுத் தகடுகளை நன்கொடை தந்தவர்களுக்குக் கொடுத்து, சேர்ந்த பணத்தில் எழும்பிய கட்டடம் அது, 1961ல் திறக்கப்பட்டது. பெயர், கோயிலைக் கட்டிய அந்த மூன்றாமவரின் பெயர். ஐந்தாவது, ஆறாவது கோயிலுக்கு ஓடுவதைவிட இங்கே ஒரு மணி நேரம் நிற்பது மேல்.

அடுத்தது அரச மனைக் கோயிலான வாட் பிரா சீ சன்பெட். மூன்று அரசர்களின் அஸ்தியைத் தாங்கிய மூன்று மணி வடிவ ஸ்தூபிகள் ஒரே வரிசையில் நிற்கும். அயுத்தயா என்றதும் புத்தகங்களில் வரும் படம் அதுதான். ஆனால் பார்க்க வேண்டியது அவற்றுக்குக் கிழக்கே, தூண்களின் அடிக்கட்டைகள் மட்டும் மிஞ்சியிருக்கும் விகாரைத் தளம். அங்கே 16 மீட்டர் உயரத்தில், உடலெங்கும் பொன் போர்த்திய வெண்கல புத்தர் நின்றிருந்தார். 1500ல் வார்க்கப்பட்டவர். நகரம் விழுந்தபோது அந்தப் பொன்னுக்காகச் சிலைக்கு நெருப்பு மூட்டினார்கள். பொன் உருகிப் போனது. சிதைந்த உடல் மட்டும் மிஞ்சியது. அந்த வெற்றுத் தளத்தைக் கண்ணில் வாங்கிக்கொள்ள வேண்டும். மாலையில் தேவைப்படும்.

பக்கத்திலேயே விகாரை மொங்கோன் போபிட். உள்ளே உட்கார்ந்திருக்கும் பெரிய வெண்கல புத்தர் மேல் 1767ல் கூரை இடிந்து விழுந்தது. நெடுங்காலம் அவர் வெயிலிலும் மழையிலும்தான் இருந்தார். 1950களில் விகாரையைத் திரும்பக் கட்டியபோது நன்கொடை தந்தவர்களில் ஒருவர் பர்மாவின் பிரதமர் ஊ நு. இடித்த நாட்டிலிருந்தே கட்டக் காசு வந்தது என்பதை வழிகாட்டிகள் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு ஆற்று இறாலைச் சுட்டு வைப்பார்கள். விலை கொஞ்சம் அதிகம், ஒருமுறை சாப்பிடலாம். தவளை மூக்குபோல முன்பக்கம் புடைத்த துக்துக் வண்டியில் போனால், வழியில் 'ரோத்தி சாய் மாய்' கடைகள் வரும். இட்லித் துணிபோல மெல்லிய ரொட்டிக்குள் பஞ்சு மிட்டாய் நூலைச் சுருட்டிக் கொடுக்கிறார்கள். இதைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் ஊரிலுள்ள முஸ்லிம் குடும்பத்தார். அயுத்தயா அந்நியர்களுக்கு இடம் கொடுத்த ஊர் என்பது இப்படி நாக்கிலும் தெரிகிறது. போர்ச்சுக்கீசியர் வந்தது 1511ல். டச்சுக்காரர், ஜப்பானியர், பாரசீகர் எல்லாருக்கும் ஆற்றங்கரையில் தனித்தனிக் குடியிருப்பு இருந்தது. நாராய் மன்னர் அனுப்பிய தூதர்கள் 1686ல் பிரான்சின் பதினான்காம் லூயியின் வெர்சாய் அரண்மனைக்கே போனார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து சாயத் துணி போனது. ஏதோ மீந்த சரக்கு அல்ல. சியாம் அரசவைக்கென்றே அவர்கள் ரசனைப்படி வடிவம் வரைந்து சாயமேற்றிய துணிகள். நம் கரையின் சாயத் தொழிலாளர்கள், கடலுக்கு அப்பால் இருந்த அரசவையின் ஒப்பனைக்காக உழைத்திருக்கிறார்கள்.

ஆற்றின் மேற்குக் கரையில் வாட் சாய்வத்தனாராம், 1630ல் தொடங்கியது. வெயில் சாயும் நேரத்தில் இது மிக அழகு. இளம்பெண்கள் பட்டுச் சேலைபோல் சுற்றிய பழைய சியாம் உடையில் இடிபாடுகளுக்கிடையே நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நாராய் மன்னர் காலத்துக் கதையான 'புப்பே சன்னிவாட்' தொலைக்காட்சித் தொடர் 2018ல் வந்த பிறகு பிடித்துக்கொண்ட பழக்கம் இது. சரித்திரத்தைத் தங்கள் உடம்பில் உடுத்திப் பார்க்கும் அந்த ஆசை மனதுக்கு நிறைவாக இருக்கிறது. 2011 வெள்ளத்தில் இந்தக் கோயில் முழுகியது; எதிரியைத் துரத்திய அதே ஆற்று வெள்ளத்திலிருந்து இப்போது கோயிலைக் காக்கத் தடுப்புச் சுவர் எழுப்புகிறார்கள்.

திரும்பும் வழிக்குப் படகு வைத்திருக்கும் சுற்றுலாவைத் தேர்ந்தெடுப்பது நல்லது. காரணம் காற்று மட்டுமல்ல. முதலாம் ராமா மன்னர் பாங்காக்கைக் கட்டியபோது அயுத்தயாவின் மதில்களை இடித்து, செங்கற்களைப் படகில் ஏற்றி இதே ஆற்றில்தான் கீழே கொண்டுவந்தார். செங்கல் மட்டுமா வந்தது? அங்கே இருந்ததுபோலவே கால்வாய் வெட்டிப் புது நகரையும் தீவாக்கினார்கள். மகாதாட் என்ற பெயரில் இங்கேயும் ஒரு கோயில். 'கிருங் தேப்' என்று தொடங்கும் பாங்காக்கின் நீண்ட முறைப் பெயருக்குள் அயுத்தயாவும் உட்கார்ந்திருக்கிறது. பழைய அரசவையின் பிராமணச் சடங்குகளும் தொடர்ந்தன. 1784ல் நிறுவிய பெரிய ஊஞ்சலின் செங்கால்கள் இன்றும் நடுத்தெருவில் உயர்ந்து நிற்கின்றன. அந்த ஊஞ்சல் விழாவின் பெயர் திரியம்பவாய், நம் திருவெம்பாவைதான். மார்கழியில் நாம் பாடுவது அங்கே உரு மாறி, பொருள் மறந்து, ஓசையாக வாழ்கிறது.

தா தியென் படித்துறையில் இறங்கினால் எதிரிலேயே வாட் போ. அங்கே வருகிறவர்கள் எல்லாரும் 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தரைப் பார்க்க ஓடுகிறார்கள். அவரை வணங்கிவிட்டு வெளியே வந்தால், பீங்கான் பூ ஒட்டிய நான்கு பெரிய ஸ்தூபிகள் நிற்கும் முற்றம் வரும். அவற்றில் பச்சை நிறத்தில் இருப்பது முதலாம் ராமா எழுப்பியது. பொன் உருகிப்போன அந்த 16 மீட்டர் புத்தரின் மிஞ்சிய உடலை அயுத்தயாவிலிருந்து கொண்டுவந்து, உருக்கி மறுபடி வார்க்காமல், அப்படியே உள்ளே வைத்து மேலே ஸ்தூபியை மூடிவிட்டார். அதன் பெயரிலும் 'சீ சன்பெட்' இருக்கிறது.

மாலை வெளிச்சத்தில் பச்சைப் பீங்கான் மின்னும். பலர் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். காலையில் அந்த வெற்றுத் தளத்தைப் பார்த்து வந்தவர்கள் மட்டும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பார்கள்.