ஊரடங்கிலும் விழுந்தார்கள்

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை 6 மணிக்குக் கொவிட்டுக்காக இலங்கை முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது, எலும்பு முறிவு விடுதிகளில் கட்டில்கள் காலியாகிவிடும் என்று நினைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. வீதியில் மோட்டார் சைக்கிள் இல்லை, மைதானத்தில் பந்து இல்லை, கட்டட வேலைக்கு ஆளில்லை. பிறகு எலும்பு முறிந்து வருவதற்கு யார் இருக்கிறார்கள்? அதே நாட்களில் ஸ்பெயினும் அடைபட்டுக் கிடந்தது. பார்சிலோனாவின் பெரிய வைத்தியசாலையொன்றின் விபத்துப் பிரிவு தன் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தபோது, வீதி விபத்துகளும் வேலைத்தலக் காயங்களும் சரிந்திருந்தன. முதியோரின் இடுப்பு முறிவு மட்டும் வழக்கமான அளவிலேயே நின்றது. வேறு பல நாடுகளின் பதிவேடுகளும் ஏறத்தாழ இதையே காட்டின. ஊரடங்கு என்பது வீதியை மூடும் ஏற்பாடு. இந்த விபத்தோ பெரும்பாலும் வீட்டுக்குள், குளியலறை வாசலில், கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் நடக்கிறது. 'வீட்டில் இருங்கள்' என்பது இளையவர்களுக்குப் பாதுகாப்பாக இருந்திருக்கலாம். வயதானவர் விழும் இடமே வீடுதான் என்பதை அந்த அறிவிப்பை எழுதியவர்கள் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

இடுப்பு முறிவு என்று சொன்னாலும் முறிவது இடுப்பெலும்பு அல்ல, தொடையெலும்பின் மேல்முனை. பந்துபோன்ற தலையையும் நீண்ட தண்டையும் இணைக்கும் ஒடுங்கிய கழுத்து அங்கே இருக்கிறது. வேகமாக நடப்பவர் தடுக்கினால் முன்பக்கமாகப் போய்க் கையை ஊன்றுவார், மணிக்கட்டு முறியும். மெதுவாக நடப்பவருக்கு அந்த உந்துதல் இல்லை. நின்ற நிலையிலேயே பக்கவாட்டாகச் சரிந்து, உடம்பின் பாரம் முழுவதையும் தொடையின் வெளிமேடு வாங்கிக்கொள்ளும். அறுபது வயதுக்காரருக்கு மணிக்கட்டும் எண்பது வயதுக்காரருக்கு இடுப்பும் முறிவதற்கு இது ஒரு காரணம் என்கிறார்கள். தலைக்குப் போகும் இரத்தக்குழாய்கள் அந்தக் கழுத்தைத் தழுவித்தான் ஏறுகின்றன. கழுத்து விலகி முறிந்தால் தலை பட்டினி கிடந்து செத்துவிடலாம். அதனால்தான் வயதானவர்களுக்குப் பெரும்பாலும் தலையை எடுத்துவிட்டு உலோகத் தலையைப் பொருத்துகிறார்கள். கழுத்துக்குக் கீழே முறிந்தால் ஆணியும் தகடும் போதும்.

தொற்றுக்காலம் இதில் வேறொரு வேலையையும் செய்தது. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல ஆரோக்கியத்துடன் இருந்த 12 முதியவர்களைப் பத்து நாள் கட்டிலிலேயே படுக்கவைத்தார்கள். அந்தப் பத்து நாளில் அவர்களின் கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்துபோயிருந்தது. ஊரடங்கு கட்டில் ஓய்வு அல்லதான். ஆனால் பள்ளிவாசல் வரை, தேவாலயம் வரை, மீன் வாடி வரை என்று நாளுக்கு நான்கு தடவை நடந்தவரை ஒரு முற்றத்துக்குள் மாதக்கணக்கில் இருத்தினால், வேக நடைக்காரர் மெது நடைக்காரராவார். வெயில் தாராளமாகக் கிடைக்கும் மன்னார்க் கரையிலும் ஆட்கள் நிழலுக்குள் அடைந்திருந்தால் வைட்டமின் டி வந்து சேராது.

சிலாவத்துறையை எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் முத்துக்குளிப்புக்காக உலகமே எட்டிப் பார்த்த கரை இது. அரிப்பில் அருவியாறு கடலில் விழும் இடத்துக்குத் தெற்கே, மன்னார் மாவட்டத்தின் முசலிப் பிரதேசத்தில் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது இங்கிருந்தவர்களும் புத்தளம் பக்கம் போனார்கள். 2009க்குப் பிறகு திரும்பினார்கள், ஆனால் எல்லோரும் அல்ல. பெற்றோர் இங்கேயும் பிள்ளைகள் புத்தளத்திலுமாகப் பிரிந்த குடும்பங்கள் முசலியில் உண்டு. ஊரடங்கில் மாவட்ட எல்லைகள் மூடப்பட்டதும் அந்தப் பிரிவு முழுமையானது. விடியற்புறம் சுபஹுத் தொழுகைக்கு எழும்பி, மின்விளக்குப் போடாமல், ஈரச் சீமெந்தில் கைகால் கழுவி வுழு எடுக்கப் போகும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். அங்கே விழுந்தால் தூக்கிவிட யார்? அறுவைக்கூடமும், மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியரும், இடுப்புக்கு ஏற்ற உலோகமும் ஒரே கூரையின்கீழ் இருக்கும் வைத்தியசாலை கிராமத்துக்குப் பக்கத்தில் இல்லை. மன்னார் நகரம், தேவைப்பட்டால் அதற்கும் அப்பால் வவுனியா, யாழ்ப்பாணம், அனுராதபுரம் என்று வண்டி ஓடவேண்டும்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். தொற்றுக்காலத்தில் வைத்தியசாலைதானே மிகவும் ஆபத்தான இடம்? இதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஸ்கொட்லாந்தில் முதல் அலையின்போது இடுப்பு முறிந்து வந்த 317 பேரைப் பின்தொடர்ந்தார்கள். கொவிட் இல்லாதவர்களில் 91.7 சதவீதத்தினர் 30 நாளுக்குப் பின்னும் உயிரோடிருந்தார்கள். கொவிட் தொற்றியவர்களில் அது 64.5 சதவீதமாகக் குறைந்தது. ஸ்பெயினின் 13 வைத்தியசாலைகளிலும் தொற்றியவர்களில் பத்தில் மூன்று பேர் பின்தொடர்ந்த சில வாரங்களுக்குள் இறந்தார்கள். ஆனால் இந்த எண்களை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் தவறு நடக்கிறது. எலும்பு முறியாமல் வீட்டில் சுகமாக இருப்பவரோடு ஒப்பிட்டால் வைத்தியசாலை பயங்கரம்தான். முறிந்தவருக்கு அந்த வாழ்க்கை ஏற்கெனவே கைநழுவிவிட்டது. அவர் முன்னால் இருக்கும் மாற்று வழி, வலியில் புரள முடியாமல் பாயில் கிடப்பது. பிட்டத்திலும் குதிகாலிலும் படுக்கைப்புண், நெஞ்சில் சளி கட்டி நிமோனியா, காலில் இரத்தக்கட்டி என்று அது தொடரும். இன்னொன்று: 2020 ஜூன் இறுதியில் முதல் ஊரடங்கு முழுமையாக நீங்கியபோது இலங்கையில் பதிவான தொற்று ஏறத்தாழ இரண்டாயிரம், மரணம் 11. அந்த வசந்தத்தில் நம் தொலைக்காட்சிகளில் ஓடியது இத்தாலியும் ஸ்பெயினும். அங்கத்தைய அச்சத்தை இங்கத்தைய வைத்தியசாலைமேல் நாம் போர்த்திக்கொண்டோம். தொற்று உச்சத்திலிருந்த 2021 ஓகஸ்டில் நிலைமை வேறு. அப்போது அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. எந்த மாதத்தில் எவ்வளவு பயப்பட வேண்டும் என்று ஊருக்குச் சொல்ல ஆளில்லாமல் போனதுதான் பிழை.

பயத்துக்கு இன்னொரு வேரும் இருந்தது. மருத்துவக் கட்டுரைகள் பெரும்பாலும் அதை எழுதுவதில்லை. 2020 ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி, கொவிட்டால் இறந்தவர்களின் உடலைத் தகனம் செய்தே ஆகவேண்டும் என்றது. உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்வதற்கும் இடம் கொடுத்திருந்தது. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அந்த விதி மாறியது. பிறகும் அடக்கத்துக்காகக் கிழக்கே ஓட்டமாவடிவரை உடலைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. பத்து மாதங்களுக்கு மேலாக, முசலியில் ஒரு முஸ்லிம் குடும்பம் தங்கள் மூத்தம்மாவை அம்புலன்ஸில் ஏற்றுமுன் போட்டுப் பார்த்திருக்கக்கூடிய கணக்கு இதுதான்: விழுந்து முறிந்தது இடுப்பு, அங்கே பி.சி.ஆர். எடுப்பார்கள், பொசிட்டிவ் என்று வந்து மவுத்தாகிவிட்டால்? இந்தத் தயக்கத்தை அறியாமை என்று யாராவது சொன்னால், அவர் சுகாதாரக் கொள்கையையும் நோய்க் காரணியாகப் பார்க்கப் பழகவில்லை என்றே சொல்வேன்.

இரண்டாவது மறுப்பு விஞ்ஞானத்திலிருந்தே வருகிறது. 2020 பெப்ரவரியில், ஊரடங்குக்குச் சற்று முன்னால், 'லான்செட்' இதழில் ஒரு பெரிய பரிசோதனையின் முடிவு வந்தது. 17 நாடுகள், 2,970 நோயாளிகள். இந்தியாவும் அதில் உண்டு. ஒரு பகுதியினருக்கு நோய் உறுதியானதிலிருந்து இடைநிலை (median) கணக்கில் 6 மணி நேரத்திலும் மற்றவர்களுக்கு 24 மணி நேரத்திலும் சத்திரசிகிச்சை நடந்தது. இறப்பு 9 சதவீதம், 10 சதவீதம். வேறுபாடு என்று சொல்ல ஒன்றுமில்லை. அப்படியென்றால் அவசரம் எதற்கு? நாளை போனால் என்ன? முதலாவது, இரண்டாம் அணியிலும் ஏறத்தாழப் பாதிப் பேர் ஒரு நாளுக்குள் மேசைக்குப் போனவர்கள். ஒரு வாரம் பாயில் கிடந்தவரைப் பற்றி இந்தப் பரிசோதனை வாயே திறக்கவில்லை. கனடாவின் ஒன்ராறியோவில் 42,230 பேரின் பதிவுகளை அலசிய இன்னோர் ஆய்வில், 24 மணி நேரத்துக்குமேல் காத்திருந்தவர்களின் ஒரு மாத இறப்பு 5.8இலிருந்து 6.5 சதவீதமாக ஏறியிருந்தது. சின்ன வேறுபாடுதான், அதுவும் அவதானிப்பு மட்டுமே. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. லான்செட் பரிசோதனையின் கடிகாரம் ஓடத் தொடங்குவது நோய் உறுதியான கணத்தில். விழுந்த கணத்தில் அல்ல. குளியலறைத் தரையிலிருந்து எக்ஸ்ரே மேசைவரை உள்ள நேரம் அந்தக் கணக்கில் இல்லை. சிலாவத்துறைக்கோ அந்த நேரம்தான் முழுக் கதையும்.

அந்த நேரத்தைத் தின்பவற்றில் ஒன்று, நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் 'சுளுக்குத்தான்' என்ற சமாதானம். விழுந்த கால் மற்றக் காலைவிடக் கட்டையாகத் தெரிந்து, பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தால், மல்லாக்கப் படுத்தபடி குதிகாலைத் தூக்க முடியாவிட்டால், அநேகமாக முறிவுதான். துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று செருகி நின்றால் சிலர் நொண்டி நொண்டி நடக்கவும் செய்வார்கள். அவர்களைத்தான் ஒரு கிழமைக்குப் பிறகு தூக்கிக்கொண்டு வருவார்கள். முறிவு நெரிவு வைத்தியர்களைப் பழிப்பது என் நோக்கமல்ல. மணிக்கட்டையோ கெண்டைக்காலையோ பத்தை வைத்துக் கட்டலாம். ஆழத் தசைக்குள் புதைந்த தொடைக் கழுத்தை எந்தப் பத்தையும் பிடித்து நிறுத்தாது. எண்ணெய் போட்டு உருவினால் செருகி நின்ற துண்டும் விலகிவிடும். 'இந்த வயதில் எதற்குக் கத்தி' என்ற கேள்விக்கும் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. இந்தச் சத்திரசிகிச்சையின் முதல் பயன் ஆயுள் அல்ல, வலி நிற்பது. முள்ளந்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கச் செய்து இதைச் செய்யலாம். பலர் மறுநாளே கட்டில் ஓரத்தில் உட்காருகிறார்கள்.

2012 கணக்கெடுப்பின்படி இலங்கையில் 60 வயதுக்கு மேற்பட்டோர் 12.4 சதவீதம். அந்த விகிதம் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. ஆகவே அடுத்த தொற்றுக்கான திட்டத்தில் பிரசவம், மாரடைப்பு என்ற வரிசையில் இடுப்பு முறிவும் நிற்கவேண்டும். வீதி மறிப்பில் கேள்வி கேட்காமல் விடப்படும் பயணங்களில் ஒன்றாக அது எழுதப்படவேண்டும். 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸ் 2018 ஜூலையில் வடக்குக்கு வந்துவிட்டது, பணமும் கேட்பதில்லை. விழுந்தவரை ஏற்றலாமா என்று வீட்டுக்காரர் தயங்காமல் இருந்தால் வண்டி இருக்கிறது. அரசு முடங்கிக் கிடந்ததும் இல்லை. 2020 ஊரடங்கில் கிளினிக் மருந்துகளைத் தபால் திணைக்களம் வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தது. நல்ல வேலை. ஆனால் அந்தப் பொட்டலத்தில் பிரஷர் குளிசையும் இருந்திருக்கும். கிளினிக்கில் ஆளைப் பாராமல் மாதக்கணக்கில் அதே அளவில் தொடர்ந்தால், எழும்பும்போது தலை சுற்றி விழவைக்கக்கூடிய குளிசை அது. பல வீடுகளில், அந்த மாதங்களில் முதியவர் எழுந்து நடப்பதைக் கண்ட ஒரே வெளியாள் தபால்காரராகவே இருந்திருப்பார். கூப்பிட்டதிலிருந்து படலைக்கு வர முதியவருக்கு எவ்வளவு நேரம் எடுத்தது, வேலியைப் பிடித்துக்கொண்டு வந்தாரா என்பதை மட்டும் ஒரு துண்டில் குறித்து, பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கொடுக்கும்படி தபால்காரருக்குச் சொல்லியிருக்கலாம்.